மழை வந்தால் எழும்பும் நாத்தம்
நாயும் பூனையும் வாழும் காம்பராவைச் சுத்தமாக வைத்திருக்கும் வழிகள்

கடந்த மழைக்காலத்தில் ஒரு தோட்டத்து லயத்துக்கு நாம் போயிருந்தபோது, ஒரு வீட்டு இஸ்தோப்பில் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. வழக்கு அந்த வீட்டு நாயைப் பற்றியது.

"பத்து வருசமா வளர்த்த நாய்ங்க. இப்ப வயசாயிருச்சு. ராவைக்குப் படுக்கிற எடத்திலயே பேஞ்சிருது. நானும் கழுவாத நாளில்ல. வெயில் அடிச்சா ஒண்ணும் தெரியாது, மழை புடிச்சா காம்பரா பூரா நாத்தம் தூக்குது" என்றார் வீட்டுக்கார அம்மா. சாக்கில் போட்டு மெயின் ரோட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது ஐயாவின் முடிவு. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. மூலையில் பாட்டி இருமிக்கொண்டிருந்தார். விசாரித்தபோது, முதல் நாள் இரவு நாத்தம் தாங்காமல் அந்த அம்மா குளோரின் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டு, குளிருக்காகக் கதவைச் சாத்தியிருக்கிறார் என்று தெரிந்தது. பாட்டியின் இருமல் அப்போது தொடங்கியதுதான்.

நாய்க்கும் ஆபத்து, பாட்டிக்கும் ஆபத்து. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்த நாத்தம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இது ஒரு வீட்டு விஷயமும் அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய லயத்தில் 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் சமைத்து, சாப்பிட்டு, பிள்ளைகளைப் படுக்க வைக்கும் குடும்பங்கள் இன்னும் எத்தனையோ. அந்த இடத்துக்குள்தான் நாயும் பூனையும், சில வீடுகளில் இரவுக்குக் கூடையில் கவிழ்த்த கோழியும். எல்லாரும் மலைக்குப் போன பிறகு வீட்டைக் காப்பது நாய். எலியை அண்டவிடாமல் வைப்பது பூனை. அவற்றைத் துரத்தாமலே வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

மழைக்கு மட்டும் ஏன்?

தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். யூரியா உர மூட்டையை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்து, பிறகு கட்டிபட்டுப் போகும். அதே யூரியாதான் நாய், பூனை, மனிதர் எல்லாருடைய சிறுநீரிலும் இருக்கிறது. அத்துடன் வேறு உப்புகளும் இருக்கின்றன.

நாய் பெய்த சிறுநீர் சீமெந்துத் தரையில் காயும்போது தண்ணீர் மட்டுந்தான் போகிறது. யூரியாவும் உப்பும் சீமெந்தின் கண்ணுக்குத் தெரியாத துளைகளிலும் வெடிப்புகளிலும் தங்கிவிடுகின்றன. வெயில் நாளில் அவை காய்ந்து கிடப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மழையும் பனிமூட்டமும் வந்ததும் உர மூட்டையைப் போலவே ஈரத்தை இழுக்கின்றன. ஈரம் கிடைத்தவுடன் அங்குள்ள கிருமிகள் வேலையைத் தொடங்கி, யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. கண்ணையும் மூக்கையும் எரிக்கிற அந்தக் காட்டமான நாத்தம் அமோனியாதான்.

ஆகவே மழைக்கு எழும்பும் நாத்தம் புதிதாக வந்தது அல்ல. நாம் எடுக்காமல் விட்டது திரும்பவும் நனைகிறது. சாம்பிராணி போட்டாலும், வாசனைத் தண்ணீர் தெளித்தாலும், மேலே பாய் விரித்தாலும் அடியில் உள்ளது அப்படியே இருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பிறகு தரையை முழுவதுமாகக் காயவைக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் போதும்.

முதலில் ஓர் எச்சரிக்கை: குளோரின் வேண்டாம்

சிறுநீர் நாத்தம் அடித்தால் நம்மில் பலர் முதலில் தேடுவது குளோரினை. ப்ளீச்சிங் பவுடர், துணி வெளுக்கும் திரவம் எல்லாம் குளோரின் வகையைச் சேர்ந்தவையே. அமோனியா உள்ள இடத்தில் குளோரினை ஊற்றினால் குளோரமைன் என்ற நச்சு வாயு உண்டாகும். அது தொண்டையையும் சுவாசப்பையையும் தாக்கும். மேலே சொன்ன பாட்டிக்கு நேர்ந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குளோரினுடன் விநாகிரி, தேசிக்காய்ச் சாறு, கக்கூஸ் கழுவும் அமிலத் திரவம் ஆகியவற்றில் எதைச் சேர்த்தாலும் குளோரின் வாயு வெளியேறும். அது காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் தரையோரமாகத் தேங்கும். நம் வீடுகளில் தரையில் பாய் போட்டுப் படுப்பது யார்? பிள்ளைகளும் வயசாளிகளுந்தான். சன்னல் சிறியதாகவும் கதவு சாத்தியதாகவும் உள்ள காம்பராவில் இதன் விபரீதத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தவறி அப்படி நடந்துவிட்டால் எல்லாரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, காற்றோட்டம் வரும்வரை உள்ளே போகாதீர்கள். இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பினாயில் போன்ற கடும் வாசனைத் திரவங்களும் பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது. பூனையின் ஈரலால் அந்த வகை மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது. தரையில் நடந்த காலைப் பூனை நக்கும்போது நஞ்சு உள்ளே போய்விடும்.

எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காம்பரா முழுவதும் நாறுவது போலத் தோன்றினாலும், காரணமான இடம் இரண்டு மூன்றாகத்தான் இருக்கும். மழை நாளில், அடுப்பு மூட்டுவதற்கு முன், விடியற்காலையில் குனிந்து மோந்து பாருங்கள். கதவு மூலை, கட்டில் கால், சாக்கு மூட்டை, விறகு அடுக்கிய இடம், சுவரின் அடிப்பாகம் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கண்டுபிடித்த இடத்தைக் கரித்துண்டால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைகளில் கள்ள நோட்டுப் பார்ப்பதற்கு வைத்திருக்கும் ஊதா வெளிச்ச டோர்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. இருட்டில் அதை அடித்துப் பார்த்தால், காய்ந்த சிறுநீர் பட்ட இடம் பெரும்பாலும் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் மங்கலாகத் தெரியும். சவர்க்காரத் தூள் பட்ட இடமும் மின்னும் என்பதால் மூக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

எல்லா நாத்தமும் நாயின் தலையில் போய் விழக் கூடாது. கூரை ஒழுகிச் சுவரில் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். அட்டாலில் எலி பெய்திருக்கலாம். அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஈரம் காயுமுன் கண்டால்

நாய் பெய்து கொஞ்ச நேரத்திலேயே கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழந்துணி அல்லது பழைய பத்திரிகைத் தாளை அதன்மேல் வைத்து அமத்துங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் ஈரம் பரவி உள்ளே இறங்கும். துணி நனைய நனைய மாற்றி, ஈரம் வராத வரைக்கும் அமத்த வேண்டும்.

பிறகு பச்சைத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, மறுபடி துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் உப்பும் யூரியாவும் தண்ணீரோடு வந்துவிடும். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். சூடு பட்டால் நாத்தம் ஒரேயடியாக எழும்புவதோடு, துணியில் கறையும் ஊறிப் பிடித்துவிடும்.

சிலர் அடுப்புச் சாம்பலைக் கொட்டுவார்கள். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் சாம்பலில் காரம் உண்டு. அது சிறுநீரில் உள்ள அமோனியாவைக் கிளப்பி விடும். ஆகவே சாம்பலைப் போட்டால் கால் மணித்தியாலத்தில் கூட்டி அள்ளிவிட்டு, இடத்தைக் கழுவ வேண்டும். போட்டபடியே விட்டுவைக்கக் கூடாது.

சீமெந்துத் தரையில் பழைய கறை

வட்டம் போட்ட இடத்தைப் பின்வரும் ஒழுங்கில் சுத்தம் செய்யுங்கள். காலையில் தொடங்குவது நல்லது. காய்வதற்குப் பகல் முழுவதும் கிடைக்கும்.

முதலாவது, பச்சைத் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் ஊற விட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். பல மாதமாகக் காய்ந்து கிடப்பது ஒரு தடவையில் கரையாது. மூன்று தடவையாவது செய்யுங்கள்.

இரண்டாவது, துணி கழுவும் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, தும்புத் தூரிகையால் தேயுங்கள். பாக்கெட்டில் 'என்சைம்' உள்ளதாகப் போட்டிருந்தால் அந்தத் தூள் இந்த வேலைக்கு உகந்தது. என்சைம் என்பது அழுக்கைச் சிறிது சிறிதாக அரித்து உடைக்கும் பொருள். அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். ஊற்றிய உடனே கழுவாமல் ஈரச் சாக்கொன்றை மேலே போட்டு ஒரு மணித்தியாலம் விட்டு வையுங்கள். பிராணிகளின் கறைக்கென்றே தயாரித்த என்சைம் திரவம் டவுனில் கிடைத்தால், அதன் மேலுறையில் சொல்லியுள்ள நேரம்வரை விடுங்கள்.

மூன்றாவது, நல்ல தண்ணீரில் கழுவி, சவர்க்காரம் போன பிறகு, ஒரு பங்கு விநாகிரியும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்து இடம் நனையும்படி ஊற்றுங்கள். விநாகிரியின் புளிப்பு அமோனியாவைக் கட்டிப்போடும். காற்றில் பறக்க விடாது. 10 நிமிடத்தில் ஒற்றி எடுத்துத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அதிக நேரம் விட்டால் புளிப்பு சீமெந்தையே அரிக்கும். சிவப்புப் பொலிஷ் போட்ட தரையும் மங்கிப்போகும்.

நான்காவது, தரை காய்ந்த பிறகு அப்பச்சோடாவைத் தூவி இரவு முழுவதும் விட்டு, காலையில் கூட்டி எடுங்கள். மீதியாக உள்ள வாசனையை அது இழுக்கும். விநாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நுரைக்கிறதைப் பார்த்து வேலை செய்வதாக நினைப்போம். உண்மையில் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

தரை வெடித்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் வெடிப்புக்குள் உள்ளது வராது. அந்த இடத்தை உளியால் கொஞ்சம் கொத்தி எடுத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு, புதிதாகச் சீமெந்து பூச வேண்டும். நாத்தம் போகாமலே மேலே பூசினால் அது அடியில் அடைபட்டு, பக்கத்து வெடிப்பால் வெளியே வரும். முதலில் கழுவி, பிறகு காயவைத்து, கடைசியில்தான் பூச வேண்டும்.

மண் தரையும் சுண்ணாம்புச் சுவரும்

மண் தரையில் விநாகிரி, சவர்க்காரம் எல்லாம் ஊற்றிப் பயனில்லை; அவை கறையையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கும். நாத்தம் அடிக்கிற இடத்தில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துவிடுங்கள். குழியைக் காயவிட்டு, புது மண் போட்டு இடித்து மெழுகுங்கள். வெட்டிய மண்ணைப் பீலிக்கும் குடிதண்ணீர் ஊற்றுக்கும் தூரமாகப் போடுங்கள்.

சுவரின் அடியில் பூனை பீய்ச்சிய கறை இருந்தால் உடனே சுண்ணாம்பு அடிக்கத் தோன்றும். ஆனால் சுண்ணாம்பும் சாம்பலைப் போலக் காரமே. கறையின் மேல் அடித்தால் அன்றைக்கே அமோனியா கிளம்பி, நாத்தம் முன்னையைவிடக் கூடும். "சுண்ணாம்பு அடிச்சும் போகலியே" என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுவரைத் துடைத்து, பச்சைத் தண்ணீரில் மறுபடி துடைத்து, காய்ந்த பிறகே சுண்ணாம்பு அடியுங்கள்.

கம்பளி, பாய், மெத்தை

கம்பளியையும் துணியையும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சவர்க்காரத் தூளில் ஊறவைத்து, கடைசி அலசலில் அரைக் கோப்பை விநாகிரி சேர்த்துக் கொள்ளுங்கள். நாத்தம் போனதை உறுதிப்படுத்திய பிறகுதான் அடுப்புக்கு மேலே காயப்போட வேண்டும். கறையோடு சூடு பட்டால் அது பிறகு போகாது.

மெத்தையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மலைநாட்டு மழைக்கு மெத்தையின் உள்பக்கம் வாரக்கணக்கிலும் காயாது. பூஞ்சணம் பிடித்து, ஒரு நாத்தத்துக்கு இரண்டு நாத்தமாகும். விநாகிரித் தண்ணீரைத் துணியில் தொட்டுத் தொட்டு ஒற்றி எடுங்கள். தும்பு மெத்தையென்றால் தையலைப் பிரித்து, கறை பட்ட தும்பை எடுத்தெறிந்து, மீதியை வெயிலில் உலர்த்தித் திரும்ப அடைப்பது நல்லது. நாய் படுத்த சாக்கைக் கழுவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் புதுச் சாக்கு மாற்றுவதே மேல்.

கடுவன் பூனையும் கோழியும்

விதை எடுக்காத கடுவன் பூனையின் சிறுநீருக்குத் தனி வீச்சம் உண்டு. அதில் 'ஃபெலினின்' என்ற பொருள் இருக்கிறது. அது உடையும்போது கந்தகம் கலந்த வாசனை வெளிவரும். அமோனியாவை அடக்கும் விநாகிரி இந்தக் கந்தக வாசனைக்கு அவ்வளவாக உதவாது. பாமசியில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட் அரை லீற்றரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவும், கோப்பை கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டியும் கலந்து, கழுவிய இடத்தில் ஊற்றி 15 நிமிடத்தில் துடைத்து எடுங்கள். கலந்த உடனே பயன்படுத்திவிட வேண்டும். மிச்சத்தைப் போத்தலில் அடைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடித்துவிடும். வேறு எந்தத் திரவத்துடனும் இதைக் கலக்காதீர்கள். நிறத் துணியில் பட்டால் சாயம் போகும்.

கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். அது தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. ஆகவே கோழி எச்சத்தின்மேல் தண்ணீரை அள்ளி ஊற்றினால் அது கரையாது, குழம்பிப் பரவும். தூசி எழாதபடி லேசாகத் தண்ணீர் தெளித்து, தகட்டால் சுரண்டி எடுத்துவிட்டு, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். கோழிகளை வீட்டுக்குள் கவிழ்க்காமல், நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய பலமான கூட்டில் வெளியே அடைப்பதுதான் பிள்ளைகளின் நெஞ்சுக்கு நல்லது.

காயாத தரை சுத்தமான தரை அல்ல

இஸ்டோரில் வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை நாளில் கொழுந்து வாடுவதற்கு ஏன் அதிக நேரம் எடுக்கிறது? காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால், கொழுந்தின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடமில்லை. அதனால்தான் சூடான காற்றைக் கீழிருந்து ஊதுகிறார்கள். உங்கள் காம்பராத் தரைக்கும் இதே கதைதான்.

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியிலும் தை மாதத்திலும் மழை அதிகம். பெரிய கழுவல் வேலையை உங்கள் பக்கத்து மழைக்கு முன்னரே செய்து முடியுங்கள். மழையில் செய்யத்தான் வேண்டுமென்றால், ஊற்றும் தண்ணீரைக் குறைத்து, ஒற்றி எடுப்பதைக் கூட்டுங்கள். பனி விலகும் மத்தியான வேளையில் முன் கதவையும் பின் கதவையும் சேர்த்துத் திறந்தால் காற்று ஊடறுத்துப் போகும். பின் கதவில்லாத காம்பராவில் சன்னலைத் திறவுங்கள். மின்விசிறி இருந்தால் தரையைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். காம்பராவைச் சூடாக்க என்று கரிச்சட்டியைக் கொளுத்தி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரிப்புகையில் உள்ள வாசனையற்ற நச்சு வாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

தேயிலைத் தூளுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெயோ சவர்க்காரமோ வைக்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். தூள் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். அந்தக் குணத்தை நாமும் பயன்படுத்தலாம். தேத்தண்ணி ஊற்றிய சக்கையை நன்றாகக் காயவைத்து, ஒரு சிரட்டையில் போட்டு மூலையில் வையுங்கள். மிச்சம் மீதியான வாசனை கொஞ்சம் குறையும். கறையை எடுக்காமல் சக்கையை மட்டும் வைத்துப் பிரயோசனமில்லை.

கையையும் காலையும் காப்பாற்றுங்கள்

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரால் மட்டுமல்ல, நாயின் சிறுநீராலும் பரவலாம். கால் வெடிப்பு, கையில் கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் ஆகியவற்றின் வழியாக அது உள்ளே போகும். ஈரத்தில் பல நாள் உயிரோடிருக்கும் அந்தக் கிருமி, நன்றாகக் காய்ந்த இடத்தில் சாகும். தரையைக் காயவைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சுத்தம் செய்யும்போது றப்பர் கையுறை போடுங்கள். இல்லையென்றால் ஓட்டையில்லாத ஷொப்பிங் பையையாவது கையில் கட்டிக்கொள்ளுங்கள். செருப்புப் போடாமல் இறங்காதீர்கள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சில நாட்களில் காய்ச்சல், கடும் உடல் நோவு, கண் சிவத்தல் வந்தால், நாயின் சிறுநீரைக் கழுவிய விஷயத்தை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நாய், பூனையின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்துவிட வேண்டும். அதிலிருந்து கொக்கிப்புழுக் குஞ்சுகள் ஈர மண்ணில் இறங்கி, வெறுங்காலில் நடக்கும் பிள்ளைகளின் தோல் வழியாக ஏறும். கர்ப்பிணித் தாய்மார் பூனை மலம் அள்ளக் கூடாது. அதில் உள்ள ஒரு நுண்ணுயிர் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடும். அந்த வேலையை வீட்டில் வேறொருவர் தினந்தோறும் செய்யட்டும். அழுக்குத் துணியைக் குடிதண்ணீர் எடுக்கும் பீலியிலோ, அதற்கு மேல்பக்கக் கானிலோ அலசாதீர்கள். கீழ் லயத்தார் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

அது ஏன் உள்ளே பெய்கிறது?

நாய் வேண்டுமென்று செய்வதில்லை. மூக்கைப் பிடித்துக் கறையில் தேய்ப்பதாலும் அடிப்பதாலும் அது ஒன்றும் படிக்காது. பயந்து, இன்னும் மறைவான இடத்தில் பெய்யும். பழைய வாசனை இருக்கும் இடத்துக்கே திரும்பவும் வரும் என்பதால், வாசனையை முழுவதும் எடுப்பதே முதல் பாடம். காலையில் எழுந்ததும், தின்ற பிறகும், படுக்குமுன்னும் வெளியே கூட்டிப் போங்கள். மழைக்குப் பயந்து வெளியே இறங்காத நாய்க்குக் கூரை இறவாணத்தின் கீழ் மணல் கொட்டி ஓர் இடம் ஒதுக்கலாம். பூனைக்குப் பழைய பேசினில் மணல் போட்டு வையுங்கள். கடுவனுக்கு விதை எடுத்தால் பீய்ச்சும் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். இதைப் பற்றி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியையும் வருடா வருடம் தவற விடாதீர்கள்.

ஒழுங்காக இருந்த பிராணி திடீரென்று உள்ளே பெய்யத் தொடங்கினால் அது நோயாகவும் இருக்கலாம். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சிறுநீரில் இரத்தம், வயசான நாய்க்குத் தூக்கத்தில் தானாக ஒழுகுவது ஆகியவற்றை மிருக வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கடுவன் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் கத்தினால், குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே வைத்தியம் செய்யாவிட்டால் பிழைக்காது.

அந்த வீட்டு வழக்கு

நாம் அன்று அந்த வீட்டில் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மேலே எழுதிய ஒழுங்கில் தரையைக் கழுவுவதற்குக் கைகொடுத்தோம். அடுத்த வாரம் மறுபடியும் கழுவும்படி சொல்லிவிட்டு வந்தோம். வெடிப்பை ஐயாவே கொத்திப் பூசினார்.

மாதம் ஒன்று கழித்துப் போனபோதும் மழைதான். நாயின் படுக்கை கதவுக்கு வெளியே, இஸ்தோப்பில் மழைச்சாரல் படாத மூலைக்கு மாறியிருந்தது. அடியில் பலகை, மேலே மடித்த சாக்கு. நாய் வயசானதுதான், இன்னும் சில இரவுகளில் சாக்கு நனையத்தான் செய்கிறதாம். "நனைஞ்சா சாக்கைத் தூக்கி எறிஞ்சிட்டு வேற போடுறோம். தரைக்கு எறங்குறதில்ல" என்றார் அந்த அம்மா. பாட்டியின் இருமலும் குறைந்திருந்தது. "இப்ப மழைக்கு நாத்தம் வருதா?" என்று ஐயாவைக் கேட்டோம். "நீங்களே உள்ள வந்து மோந்து பாருங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனோம். அடுப்புப் புகையும் ரொட்டி வாசமுந்தான் இருந்தது.